பச்சைப்பூ போட்ட பியர்

பியரில் கசப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று வாதாடியே ஒரு மனிதரைச் சிறைக்குள் தள்ளியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். கண்டியில் நாங்கள் இருந்தோம். அதிலும் பெரிய பங்கு என்னுடையது. உள்ளே போனவர் ராஜலிங்கம், தொழில் சமையல். நாலு வருடமும் இரண்டு மாதமும் இருந்தார். நான் விமலநாதன், ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதர். நான் ஒரு நாள்கூட இருக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வதுதான் மரியாதை.

ராஜலிங்கம் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தகப்பன் காளிமுத்து தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். கொழுந்து பதமாகிவிட்டதா என்பதை மணத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். அந்த மூக்கு மகனுக்கும் வாய்த்திருந்தது. படிப்பு வாய்க்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. பிறகு துரை பங்களாக் குசினி, அதற்குப் பிறகும் குசினிதான். எண்பதுகளின் தொடக்கத்தில் விக்டோரியா அணை கட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்குத் திகனையில் வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் கார்ட்டர் என்பவருக்குச் சமையல்காரராகப் போய்ச் சேர்ந்தார்.

கார்ட்டருக்கு இங்கே விற்கிற பியர் தொண்டையில் இறங்கவில்லை. பின்பக்கக் கொட்டகையில் தானே காய்ச்சினார். அதற்கு அவர் சொன்ன பெயர் இந்தியா பேல் ஏல். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் காய்ச்சிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்புவார்களாம். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க ஹொப்ஸ் என்ற கொடியின் பூவை அள்ளிப் போடுவார்களாம். ராஜலிங்கம் இதை எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் கூடவே ஒன்று சொல்வார்.

"நானும் அந்த பியர் மாதிரிதாங்க. பேருல இந்தியா இருக்கு. இந்தியாத் தமிழன்னு எல்லாக் கடுதாசியிலயும் எழுதுறாங்க. இந்தியா எந்தப் பக்கம்னு கேட்டா எனக்குக் கை காட்டத் தெரியாது."

அந்தப் பூவை இரண்டு தரம் போடலாம். காய்ச்சும்போது போட்டால் கசப்பு வரும். காய்ச்சி ஆறி, நொதித்து அடங்கிய பிறகு பீப்பாய்க்குள் போட்டால் கசப்பு ஏறாது, மணம் மட்டும் ஏறும். இரண்டாவதைக் கார்ட்டர் ஆங்கிலத்தில் காய்ந்த பூப் போடுவது என்ற அர்த்தத்தில்தான் சொல்வார். ராஜலிங்கத்துக்கு அது பொருந்தவில்லை. பியருக்குள் ஊறிக் கிடக்கிற பூ எப்படிக் காய்ந்த பூ ஆகும்? காய்ச்சாமல் போடுகிறோம், அவ்வளவுதான். வேகாத வெங்காயத்தைப் பச்சை வெங்காயம் என்கிறோம், அதனால் இது பச்சைப்பூ. அவர் வைத்த பெயரே எங்களிடமும் நின்றது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கண்டிப் பட்டினத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது கார்ட்டர் அவரையும் மனைவி பாப்பம்மாவையும் அந்தக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். மூன்று நாள். உள்ளே பீப்பாய்களும் பூ மூட்டையும் மட்டும். "அந்த மணம் இருக்கிற எடத்துக்கு எவனும் வரமாட்டான்னு ஒரு நெனப்பு வந்துருச்சுங்க ஐயா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் பியர் காய்ச்சியது குடிப்பதற்காக இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குடித்தாலும் அரைக் கிளாஸ்தான்.

அணை முடிந்து கார்ட்டர் போனார். பீப்பாயையும் மூடி அடிக்கிற கருவியையும் இவரிடம் விட்டுப்போனார். வருடத்துக்கு ஒரு தரம் பார்சலில் பூ வரும். ராஜலிங்கம் குளத்துப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்து, கட்டுக்கலையில் சரிவில் இரண்டு அறை வீடு எடுத்தார். பாப்பம்மாவின் பிரஜாவுரிமைக் கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்று யாரோ அவரை என்னிடம் அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தார். அப்படி ஒட்டியதுதான். அதன் பிறகு அவர்கள் வீட்டுக் கடிதம் எல்லாம் நான்தான் எழுதினேன். பாப்பம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பாள். "ஐயா எழுத்து காத்துக்கு வளைஞ்ச பயிராட்டம் இருக்கு" என்பாள். என் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

ஞாயிறு மத்தியானத்தில் நாலு பேர் கூடுவோம். ராஜலிங்கம், நான், சேதுராமன், ஹபீல். சேதுராமன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மலைநாட்டுக்காரர். ஹபீல் பழைய போத்தல் வாங்கி விற்கிற கடைக்காரர். போத்தல் கொடுப்பதற்காக வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உரிமம் இல்லாமல் பியர் காய்ச்சுவது குற்றம். மதுவரிக்காரன் வந்தால் தண்டப்பணம், எனக்கும் சேதுராமனுக்கும் வேலையில் விசாரணை. அந்தப் பயமும் பியருக்கு ஒரு ருசி கொடுத்தது என்று நினைக்கிறேன். எவ்வளவு சின்னப் பயம் அது!

நாங்கள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. சேதுராமன் கசப்புப் பைத்தியம்.

"கசப்புன்னா அடிநாக்குல உக்காந்து எறங்கமாட்டேன்னு சொல்லணுங்க. காய்ச்சும்போதே எல்லாப் பூவையும் கொட்டுங்க. அப்புறமா பச்சைப்பூ போடுறதெல்லாம் சட்டைக்கு செண்டு அடிக்கிற வேலை."

எனக்கு இரண்டுமே பிடிக்காது. "பியர் எண்டால் தாகத்துக்குக் குடிக்கிறது. இது சாமி அறை மாதிரியெல்லோ மணக்குது. தொண்டைக்குக் குடுக்கிறதை ஏன் மூக்குக்குக் குடுக்கிறீர்?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். கேட்டுக்கொண்டே குடிப்பேன்.

ஹபீல் ஒரு சொட்டும் தொட்டதில்லை. "மோந்து பாக்கிறது ஹராம் இல்லயே" என்று கிளாஸை வாங்கிக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் நாலு பேரில் சரியாகச் சொன்னவர் அவர்தான். பச்சைப்பூவை மூன்று நாளில் எடுத்ததா, பத்து நாள் ஊறியதா என்று மோந்தே பிடித்துவிடுவார். "இது ஏழு நாளுக்கு மேல ஈந்திருக்கு. புல்லு வாசம் தட்டுது." ராஜலிங்கம் தலையைக் குனிந்து சிரிப்பார். பத்து நாளுக்குக் குறைந்தால் பூ பேசாது என்பது அவருடைய கட்சி.

தொண்ணூற்றேழில் கார்ட்டர் வேறொரு பூ அனுப்பினார். அமெரிக்காவில் விளைந்ததாம். தகடு போன்ற வெள்ளிக் காகிதப் பக்கற், உள்ளே பச்சையாகப் பிசுபிசுத்த பூ. அதைப் பச்சையாகப் போட்ட பியரை ஹபீல் மோந்துவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"ஜம்போலாத் தோல்" என்றார், பம்பளிமாசுக்கு இங்கே அந்தப் பெயர். "செல்லப்போனா கொஞ்சம் பூன மூத்திரமும் ஈக்கிது."

சேதுராமன் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ராஜலிங்கம் அந்தக் கிளாஸை வாங்கித் தானும் மோந்தார். "ஆமாங்க, இருக்கு. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து சண்டை முற்றியது. வாயால் போடுகிற சண்டை மறந்துபோகிறது என்று சேதுராமன் கெட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு வடிப்புக்கும் எத்தனை அவுன்ஸ் பூ, எத்தனை நாள், யார் என்ன சொன்னார்கள் என்று அதில் எழுத வேண்டும். எழுதுகிறவர் நானேதான். இலிகிதன் அல்லவா, கொப்பியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

பச்சைப்பூ போட்ட பியரில் ஒரு கோளாறு உண்டு. போத்தலில் அடைத்த பிறகும் அடங்கிக் கிடக்காது. ஏனென்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பூ உள்ளே எதையோ கிளப்பிவிடும். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி பொங்கும். மூடி பறக்கும், சிலது போத்தலோடு வெடிக்கும். ஆறாவது வடிப்பில் ஒரு போத்தல் சரியாகப் பதினோராம் நாள் வெடித்து பாப்பம்மாவின் பருப்புப் பானையை உடைத்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து நான் அந்த பியருக்குக் குண்டு என்று பெயர் வைத்தேன். "இண்டைக்கு என்ன, குண்டு நம்பர் எத்தினை?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசலில் ஏறுவேன். ராஜலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க ஐயா, காலம் நல்லால்ல" என்று ஒரு தரம் சொன்னார். நான் கேட்டேனா?

தொண்ணூற்றெட்டு தைப்பொங்கல் அன்று விடுமுறை. ஏழாவது வடிப்பை அன்றைக்குத்தான் போத்தலில் அடைத்தோம். பீப்பாய் அடியில் மிஞ்சியதைக் குடித்துவிட்டு, பொங்கலும் சாப்பிட்டுவிட்டு, நான் கொப்பியை எடுத்தேன். ஜனவரியை நாங்கள் தை என்றுதான் எழுதுவோம். எழுதியதை இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன்: "தை 14. குண்டு நம்பர் 7. பச்சைப்பூ மூன்று அவுன்ஸ். இன்று அடைத்தாயிற்று. பதினோராம் நாள் வெடிக்கும். கண்டியே அதிரும். தலைவர் ராஜலிங்கம் வாழ்க."

வாசித்துக் காட்டினேன். ஹபீல்கூடச் சிரித்தார்.

தை இருபத்தைந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், புத்தரின் பல்லை வைத்திருக்கிற மாளிகை வாசலில் லொறிக் குண்டு வெடித்தது. கும்பிட வந்த ஜனங்கள் செத்தார்கள். நான் கட்டிலில் கிடந்தேன், ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கண்டி அதிர்ந்தது. பதினாலும் பதினொன்றும் இருபத்தைந்து. விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்கும் அந்தக் கணக்கு வரும். எனக்கு அன்றைக்கு வரவில்லை. ஊரடங்கு, எரிகிற கடைகள், தமிழ் வாயைத் திறக்கப் பயம். எனக்கு என் உயிர்தான் நினைவில் இருந்தது.

நாலாம் நாள் கட்டுக்கலையில் வீடு வீடாகச் சோதனை. ராஜலிங்கத்தின் வீட்டில் அவர்களுக்குக் கிடைத்தவை: வெள்ளிக் காகிதப் பக்கற்றுகள் மூன்று, ரப்பர் குழாய், தெர்மாமீட்டர், மூடி அடிக்கிற கருவி, மூடிய போத்தல்கள் முப்பத்திரண்டு. ஒரு பொலிஸ்காரர் பக்கற்றைப் பிரித்து மோந்து பார்த்து, "மே மொனவாத?" என்று கேட்டாராம். இது என்ன என்று. ராஜலிங்கம் "மல்" என்றிருக்கிறார். பூ. இன்னொருவர் ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். அது கையிலேயே வெடித்தது. மணிக்கட்டு கிழிந்து இரத்தம் சுவரெல்லாம் அடித்ததாம். அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கவில்லை. ராஜலிங்கத்தை அந்த இடத்திலேயே போட்டு அடித்தார்கள். போகும்போது அலுமாரிக்கு மேலிருந்த சி.ஆர். கொப்பியையும் எடுத்துப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் பாப்பம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, விசயம் மட்டும் இருந்தது.

"ஐயா, தமிழ் தெரிஞ்ச ஒரு பொலிஸ்காரரு கொப்பியப் படிச்சுக் காட்டுனாராம். குண்டு, பதினோராம் நாள்னு இருக்காம். அது யாரு எழுத்துன்னுதான் கேக்குறாங்களாம். இவரு என்னோடதுன்னு சொல்லியிருக்காரு. நீங்க வந்து, நான் எழுதுனது, வெளையாட்டுக்கு எழுதுனது, பியரைத்தான் அப்படிச் சொன்னேன்னு சொன்னா விட்டுருவாங்க. நீங்க படிச்சவரு. கவர்மெண்ட் ஆளு."

"ஓம், நாளைக்கு வாறன். நீங்கள் யோசியாதேங்கோ" என்றேன்.

என் அடையாள அட்டையில் பிறந்த இடம் வல்வெட்டித்துறை. வடக்கில் போர் நடத்திய இயக்கத்தின் தலைவர் பிறந்த ஊரும் அதுதான். அந்தப் பெயரைப் பார்த்தால் காவற்சாவடியில் அரைத் தூக்கத்தில் நிற்கிற சென்றிக்காரனும் நிமிர்ந்து நிற்பான். குண்டு என்று எழுதியவன் வல்வெட்டித்துறைக்காரன் என்றால் பிறகு பூவும் பியரும் யாருக்கு வேண்டும்? இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான் போகாததற்கு அது காரணம் இல்லை. பயம்தான் காரணம். பயத்துக்கு நல்ல நியாயம் ஒன்று அகப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை நான், கெட்டது அவர்.

மறுநாள் பொலிஸ் நிலையத்து மதில்வரை போனேன். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தேன். பாப்பம்மா வாசலுக்கு வெளியே சோற்றுப் பார்சலோடு நின்றாள். கடையின் பின்வழியால் இறங்கி வந்துவிட்டேன். அடுத்த கிழமையும் அப்படி, அதற்கடுத்த கிழமையும் அப்படி. பிறகு வயிற்றில் புண் என்று மருத்துவச் சான்றிதழ் வாங்கி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சேதுராமன் மாற்றம் வாங்கிக்கொண்டு ஹற்றன் பக்கம் போனார். அந்த வீட்டையே தனக்குத் தெரியாது என்று சொன்னதாகக் கேள்வி. அவரை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

போனவர் ஹபீல். பியரே குடிக்காத மனுசன். பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து போய், போத்தல் கொடுத்தது நான்தான், அது பியருக்குப் போடுகிற பூ, வேண்டுமானால் வெந்நீரில் போட்டு மோந்து பாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்து, காது கேட்காமல் போகிற மாதிரி அறைந்து, விட்டார்கள். அந்தக் காது பிறகும் சரிவரவில்லை. வெள்ளவத்தைக்கு என்னைத் தேடி வந்தார். அக்கா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"எழுதின ஆள் யாரெண்டு என்னயும் கேட்டாங்க. நான் தெரியாதெண்டுட்டன். பேர் சென்னா நான் காட்டிக் குடுத்த மாதிரி. நீங்களாப் போனா அது வேற கத. ராஜலிங்கம் அண்ணன் இன்னும் தன்ட எழுத்தெண்டுதான் செல்றாரு. ஆனா எழுதிக் காட்டச் சென்னா அவருக்கு எழுத வரல்ல. கோழி கிளறினாப் போல எழுதுறாரு. ஒவ்வொரு தரமும் கொப்பிய வெச்சுப் பாத்துட்டு அடிக்கிறாங்க."

"போறன் ஹபீல்."

"எப்ப?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நான் போனது ஆனி மாதம். நாலரை மாதம் கழித்து. எது தள்ளியது என்று கேட்டால் எனக்கே தெரியாது. வீரம் இல்லை. அக்கா வீட்டில் சோற்றில் கை வைத்தால் பாப்பம்மா கையில் இருந்த பார்சல் ஞாபகம் வரும், சாப்பிட முடியாது. அந்த உறுத்தலின் அரியண்டம் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்துக்குள் போய், அந்த விசாரணையைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்று, கொப்பியில் இருப்பது என் எழுத்து என்று சொன்னேன். குண்டு என்றது பியரை என்றேன். எனக்கு நன்றாகச் சிங்களம் வரும், அதிலேயே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. லாச்சியைத் திறந்து ஒரு கட்டுக் கடதாசியை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாக் கடதாசியிலும் ஒரே வாக்கியங்கள். தை 14. குண்டு நம்பர் 7. பச்சைப்பூ மூன்று அவுன்ஸ். முதல் தாள்களில் எழுத்து நொண்டியது. மூன்றாம் வகுப்புக் கை. எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன, சில இடத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. பத்துப் பன்னிரண்டு தாள் தாண்டியதும் எழுத்து சாயத் தொடங்கியது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசித் தாளைக் கண்டேன். அது என் எழுத்து. என் சாய்வு, என் சுழி. நான் எழுதியதில்லை என்று நானே சத்தியம் பண்ண முடியாது.

"இப்போது பொருந்துகிறது" என்றார் இன்ஸ்பெக்டர். "ஒப்புதல் வாக்குமூலத்திலும் கையெழுத்து வைத்துவிட்டான். கோர்ட்டுக்கும் போயாயிற்று. மஹத்தயா ஏன் வந்தீர்கள்?" ஐயா என்ற மரியாதையோடுதான்.

என் அடையாள அட்டை அவர் கையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டுமென்றால் இரண்டாம் எதிரியாக உங்கள் பெயரையும் எழுதலாம். அதனால் அவன் வெளியே வரமாட்டான். நீங்கள் உள்ளே வருவீர்கள். எழுதவா?"

நான் நின்றேன். எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அவர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு வேறொரு ஃபைலைத் திறந்தார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஏறிய பிறகுதான் குடையை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. பிடிபடாமல் வந்துவிட்டோம் என்று மனம் ஒரு கணம் சந்தோசப்பட்டது. அதை மறைத்து எழுத எனக்கு உரிமையில்லை.

பிறகு ஹபீலும் நானும் வக்கீல் வைத்தோம். பக்கற்றில் இருந்தது செடியின் பூ, வெடிமருந்து இல்லை என்று பரிசோதனை அறிக்கையும் வந்தது. ஆனால் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்து வைத்த வாக்குமூலம் இருந்தது. தவணைக்கு மேல் தவணை போனது. பாப்பம்மா வீட்டை விட்டுவிட்டுத் தெல்தோட்டையில் அண்ணன் குடியிருந்த லயத்து அறைக்குப் போய்க் கொழுந்து பறிக்கச் சேர்ந்தாள். பெரதெனியாவுக்கு இந்தப் பக்கம் அவள் வருவதில்லை என்றார்கள். வந்தால் பஸ்ஸுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஹபீல் என்னைச் சிறைக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போனார் என்றால் கையைப் பிடித்து இழுத்துப்போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ராஜலிங்கம் வந்து நின்றார். தலைமயிர் நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பஸ் நெடுகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஐயா சொகமா?" என்றார். என் வயிற்றுப்புண்ணைப் பற்றிக் கேட்டார். சேதுராமனைக் கேட்டார்.

"ஏன் என்ர எழுத்தைப் பழகினனீர்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. என்னைக் காப்பாற்றவா, அடி தாங்க முடியாமலா என்று அறிய எனக்கு ஆசை. அவர் காப்பாற்றத்தான் என்று சொல்லிவிட்டால் அந்தப் பாரத்தோடு சாகலாம், அடிக்காக என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த நேரத்திலும் எனக்கு என் பாரம்தான்.

"மொதல்ல எதுக்குன்னு மறந்துபோச்சுங்க" என்றார். "அது இல்ல இப்ப வெவகாரம். ஒரு ஒதவி செய்யணும்."

"சொல்லும்."

"அந்த எழுத்தே பழகிருச்சு. இப்ப வேற மாதிரி எழுத வரமாட்டேங்குது. பாப்பம்மாவுக்கு மாசாமாசம் கடுதாசி போடுறேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. அவ அண்ணன் வந்தப்ப சொன்னாரு. கவரப் பாத்ததும் ஐயா எழுத்துன்னு கிழிச்சு அடுப்புல போட்டுடுறாளாம். உள்ள இருக்கவர் செத்துட்டாரு, அந்த ஆள் எழுதி ஏமாத்துறான்னு சொல்றாளாம். அண்ணன் என்னைப் பாத்தேன்னு சொன்னாலும், மனசு தேத்தப் பொய் சொல்றாருங்கிறாளாம். நெத்தியில பொட்டக்கூட அழிச்சுட்டாளாம்." அவர் வலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போயி அவகிட்ட சொல்லணுங்க ஐயா. அது நான் எழுதுறதுதான்னு."

இந்தத் தரம் நாளைக்கு என்று சொல்லவில்லை. அன்றைக்கே தெல்தோட்டை பஸ் ஏறினேன். ஹபீல் வரவில்லை, நீங்கள் தனியாகப் போகவேண்டிய இடம் என்றார். தோட்டத்து ரோட்டில் இறங்கி லயத்தைக் கேட்டுக் கேட்டு நடந்தேன். பாப்பம்மா வாசலில் கொழுந்துக் கூடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெற்று நெற்றி. என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள், வாங்க என்று சொல்லவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைப் பற்றி, எழுத்து சாயச் சாய மாறியதைப் பற்றி. காலையில் அவரை என் கண்ணால் கண்டேன், உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். வருகிற கடிதம் எல்லாம் அவருடைய கையால் எழுதியது, என் கை இல்லை என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"அந்த எழுத்து என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு உங்க வாசல்ல வந்து நின்னேன்" என்றாள். "அன்னிக்குச் சொல்லல. இன்னிக்கு வந்து, உங்க எழுத்து உங்களோடது இல்லன்னு சொல்றீங்க."

கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.